பெட்டியின் ஆணியைப் போட்டது யார்?

அத்தான், நீங்கள் எழுதியது பொய்.

எங்கள் ஊர் வாசிகசாலை வெளியிட்ட ஆண்டு மலரில், குடும்பத்தோடு கடற்கரையில் போய்த் தங்குவது எப்படி என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கூடாரம் நல்லதா, வான் வண்டி நல்லதா, உழவு இயந்திரத்தின் பெட்டி நல்லதா என்று மூன்றையும் அலசி, பெட்டிதான் திறம் என்று முடித்திருக்கிறீர்கள். அது உங்கள் அபிப்பிராயம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நடுவில் ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். கால் வழங்காத மைத்துனி ஒருத்தி பெட்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாளாம். தண்ணீர் வந்தபோது நீங்கள் பாய்ந்து அவளைத் தூக்கிக் கரை சேர்த்தீர்களாம். ஆகவே நடக்க ஏலாதவர்களை இப்படியான பயணங்களுக்குக் கூட்டிப்போகாமல் விடுவதே அவர்களுக்குச் செய்யும் உதவியாம்.

அந்த மைத்துனி என் தங்கச்சி. அவள் பெட்டி கேட்கவில்லை. நீங்கள் அவளைத் தூக்கவில்லை. நான் அங்கே நின்றேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவள் நான். உங்களைப் போல் அரசாங்கக் கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்து எழுதிப் பழகவில்லை. மலரை அச்சுக்குப் பார்த்துக் கொடுக்கிற தம்பிமார் என் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். நான் சொல்வதைத் திருத்தக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த வருடங்கள் அவை. எங்கள் சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் போட்டதெல்லாம் காசானது. ஐயா உழவு இயந்திரம் வாங்கினார். அதோடு ஒரு பெட்டியும் வந்தது. பெட்டி என்றால் பின்னால் கொழுவி இழுக்கிற இரண்டு சில்லு வண்டி. அதில் எருவும் வெங்காயமும் ஏற்றுவோம். செத்த வீட்டுக்குப் பந்தல் தடியும் ஏற்றுவோம்.

அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து ஆவணி லீவுக்கு வந்து நின்றார்கள். எங்கள் வீட்டில் விடுமுறை என்ற சொல்லே அத்தானோடுதான் வந்தது. அதற்கு முன்னால் நாங்கள் கோயிலுக்குப் போவோம், சாவீட்டுக்குப் போவோம், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போவோம். சும்மா போய் ஓரிடத்தில் படுத்துக் கிடந்துவிட்டு வருவது எங்களுக்குத் தெரியாது.

"கொழும்பிலை வெள்ளைக்காரப் பொடியள் வானுக்கையே சமைச்சு, வானுக்கையே படுத்து, ஊர் ஊராத் திரியுதுகள், மாமா. நாங்களும் ஒருக்கால் இப்பிடிப் போய்ப் பாக்க வேணும்" என்றார் அத்தான்.

"வீடில்லையோ அதுகளுக்கு?" என்று ஐயா கேட்டார்.

"வீடு இருக்கு, மாமா. இது உல்லாசம்."

"வீட்டை விட்டிட்டு வானுக்கை படுக்கிறது உல்லாசமோ? அப்ப எங்கடை வான்காரர் பெண்சாதியோடை சண்டை பிடிச்ச அண்டைக்கெல்லாம் உல்லாசமாத்தான் இருந்திருக்கிறார்."

எல்லோரும் சிரித்தோம். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தைக்கிற கைமிசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து இரண்டு காலும் வழங்காமல் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குமாக ஐயா தூக்கித் திரிந்து பார்த்தார், சரிவரவில்லை. கையை ஊன்றி அரக்கி அரக்கித்தான் அவள் வீட்டுக்குள் போய்வருவாள். கிணற்றடிக்கும் அப்படித்தான். கைகள் இரண்டும் ஆம்பிளைக் கை மாதிரி. பக்கத்துச் சனத்துக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். வாயும் கத்தரிக்கோல் மாதிரித்தான். அப்போது அவளுக்கு இருபது கடந்துவிட்டது. கடலைக் காரின் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறாள். தண்ணீருக்குள் இறங்கியதில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போய்த் தோய்த்து எடுப்பதாகச் சொன்னால், "நான் என்ன வேட்டியோ தோய்ச்செடுக்க?" என்பாள்.

அத்தான் இடத்தையும் சொன்னார். வல்லைவெளிக்கு அங்கால், கடல்நீரேரியின் கரை. கடலும் கிட்ட, மீனும் வாங்கலாம், சனமும் இல்லை. ஏரியில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் நிற்கும், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடலாம் என்றார்.

முழங்கால் அளவு தண்ணீர் என்றதும் தங்கச்சி நிமிர்ந்தாள். அன்று பின்னேரம் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"அக்கா, முழங்காலளவு எண்டா நான் கையை ஊண்டி நிண்டா தலை மேலை நிக்கும். ஆரும் தூக்கத் தேவையில்லை. நானே போய், நானே இருந்து, நானே வருவன். ஒருக்கால் போதும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. யாருடைய கையும் படாமல் ஒருமுறை தண்ணீருக்குள் போய்வருவது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, கலியாணம் கேட்கவில்லை.

அதற்கு நிலத்தோடு நிலமாக இருக்க வேண்டும். அதனால் அவள் கூடாரம் என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. வெறும் கோதுமை மாச்சாக்குகளைப் பிரித்துத் தோய்த்துக் காயவைத்து, கைமிசினில் ஒன்றோடொன்று மூட்டி, ஒரு கூடாரம் தைத்தாள். இரட்டைத் தையல். வாசலை மட்டும் அகலமாக விட்டாள். தான் அரக்கிப் போய்வரும்போது துணி கையில் சிக்கக் கூடாது என்று வாசற் துணியை மேலே சுருட்டிக் கட்ட நாடாவும் வைத்தாள். முற்றத்தில் நாங்கள் அதைக் கட்டிப் பார்த்தோம். அவள் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வெளியே வந்தாள். அக்காவின் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அத்தான் பார்த்துவிட்டு, "சாக்குப் பிச்சைக்காரர் மாதிரி இருக்கப் போறமோ? அதிலை வெள்ளைக்காரன்ரை மாவின்ரை பேர் வேறை கிடக்கு" என்றார். சாக்கில் பழைய அச்செழுத்து அழியாமல் கிடந்தது உண்மைதான்.

வான் முதலில் கழிந்துபோனது. எங்கள் ஊர் வான்காரர் பின்னிருக்கைகளைக் கழற்றிப் பலகை போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அக்கா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

"பெற்றோல் மணம். பிள்ளையள் சத்தி எடுக்குங்கள். பொம்பிளையள் உடுப்பு மாத்திறது எங்கை? உங்கடை வெள்ளைக்காரிச்சியள் என்னவும் செய்யட்டும். நான் மாட்டன்."

வான்காரருக்குக் கோபம். "பிள்ளை, கலியாணத்துக்குப் பொம்பிளை அழைச்சுக்கொண்டு போன வான் இது" என்றார்.

"அழைச்சுக்கொண்டு போனதுதானே. அவையை உதுக்குள்ளை குடியிருத்தேல்லையே?" என்று உள்ளேயிருந்து தங்கச்சி கேட்டாள். வான்காரரும் சிரித்துவிட்டார்.

மிச்சம் கூடாரமும் பெட்டியும். அத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நிலத்தில் படுத்தால் பாம்பு வரும், பூரான் வரும். சோளகக் காற்றுக்குக் கூடாரம் பறந்துவிடும். பெட்டி என்றால் உயரம், வளைந்த மூங்கிலுக்கு மேல் தறப்பாள் போட்டுக் கட்டினால் வீடு மாதிரி. இதில் பிழை ஒன்றும் இல்லை. நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் தளம் என் இடுப்புக்கு மேலே. அதிலிருந்து தங்கச்சி தானாக இறங்க ஏலாது. ஏறவும் ஏலாது.

"அத்தான், நீங்கள் பெட்டியிலை படுங்கோ. எனக்குக் கூடாரத்தை ஒரு பக்கத்திலை கட்டித் தாங்கோ. பாம்பு வந்தா நான் கதைச்சு அனுப்புறன்" என்றாள் அவள்.

"உனக்காக ரண்டு வீடு கட்டேலாது, பிள்ளை."

"அப்ப நான் எப்பிடி இறங்கிறது?"

"கேட்டாத் தூக்கி விடுவம்தானே."

"கேக்காமல் இறங்கத்தானே நான் வாறன்."

அத்தான் ஐயாவைப் பார்த்தார். ஐயா மருமகனை எதிர்த்துக் கதைக்க மாட்டார். மூத்த மருமகன், அரசாங்க உத்தியோகம். "தம்பி சொல்லுறபடி செய்வம்" என்றார். இதுதான் நடந்தது. அடம்பிடித்தவர் யார் என்பதை வாசிக்கிறவர்கள் தீர்மானியுங்கள். அவள் தைத்த கூடாரத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் மெத்தைக்குப் பதிலாக விரித்தார்கள். அதன்மேல் அவளைத் தூக்கி இருத்தினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். சோளகம் காதை அறைந்தது. பெட்டிக்கு மேல் கட்டிய தறப்பாள் பறை மாதிரி அடித்தது. கரையோரம் முழுவதும் பற்றையும் முள்ளும் மேடு பள்ளமும். ஆனால் அதற்கு அப்பால், ஏரிப் பக்கமாக, பாய் விரித்த மாதிரி வெறும் நிலம். ஒரு புல் இல்லை. காய்ந்து வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் வெகு தூரத்தில், அங்கால் கரையோடு ஒட்டி மினுங்கியது.

ஐயா இறங்கிப் போய்க் குதிக்காலால் அந்த நிலத்தைக் குத்திப் பார்த்தார். கால் புதையவில்லை. ஒரு கட்டி எடுத்து விரலால் நசித்தார். தோட்டம் வாங்கப் போனாலும் அவர் இதைத்தான் செய்வார். "நல்ல இறுக்கம். நெல்லுச் சூடு மிதிக்கலாம்" என்றார். அத்தான் உழவு இயந்திரத்தை அதற்குள் விடச் சொன்னார். உள்ளே போய், இன்னும் உள்ளே போய், தண்ணீருக்குக் கிட்ட இருக்கட்டும் என்று நடுவில் நிறுத்தினார்கள்.

நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்கிற சனம். எங்கள் ஊரில் ஆறில்லை. தண்ணீர் தானாக நடந்து வந்து நாங்கள் பார்த்ததில்லை. இறைத்தால் வரும், வாய்க்காலை வெட்டிவிட்டால் போகும், மறித்தால் நிற்கும். மாரியில் மேலேயிருந்து விழும். அதைவிட்டால் தண்ணீர் கிடக்கிற இடத்தில் கிடக்கும். காற்றுத்தான் ஏரித் தண்ணீரை அங்கால் கரைக்குத் தள்ளிப் பிடித்து வைத்திருக்கிறது, காற்று கையை எடுத்தால் தண்ணீர் தன் இடத்துக்கு வந்துவிடும் என்ற யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. கடற்கரைச் சனத்தின் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. அதற்காக நான் அத்தானைக் குற்றம் சொல்லவில்லை. ஐயாவையும் சொல்லவில்லை.

ஆனால் தங்கச்சி சொன்னாள். பெட்டியின் விளிம்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஐயா, உதிலை நண்டுப் பொந்து கிடக்கு. நண்டு காஞ்ச நிலத்திலை என்ன செய்யுது?"

"நண்டும் லீவிலை வந்திருக்கும்" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். கதை அதோடு முடிந்தது.

உழவு இயந்திரத்தைக் கழற்றி, பெட்டியின் இழுக்கிற தண்டுக்குக் கீழே பனங்குற்றி ஒன்றை முண்டு கொடுத்தார்கள். பெட்டி மட்டமாக நின்றது. காற்று மண்ணை அள்ளி வீசியதால் அத்தான் தறப்பாளை நாலு பக்கமும் இழுத்து வெளியால் கயிற்றால் கட்டினார். பின்பலகையைத் திறந்தால்தான் உள்ளே போகலாம், வரலாம்.

அன்று முழுவதும் தங்கச்சி கேட்டாள். இறக்கி விடுங்கோ. "காத்து அடங்கட்டும்" என்றார் அத்தான். நானும் அக்காவும் இறக்குகிறோம் என்றபோது, "மண் கண்ணுக்கை போகும், தண்ணியும் தூரத்திலை, அங்கை வரைக்கும் அரக்கப் போறாளோ? காத்து அடங்கட்டும் எண்டு சொல்லுறன்தானே" என்று சத்தம் போட்டார். பிள்ளைகள் போய்த் தண்ணீரில் விளையாடிவிட்டு வந்து அவளுக்குச் சிப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 

மறுநாளும் காற்று அடங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அத்தான் பிள்ளைகளையும் அக்காவையும் ஐயாவையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு மீன் வாங்கப் புறப்பட்டார். எனக்கு நல்ல தண்ணீர் அள்ளிவர வேண்டியிருந்தது. ஏரித் தண்ணீர் உப்பு. ஆக, தங்கச்சி மட்டும் பெட்டிக்குள்.

இனி நான் எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று என் காதால் கேட்டது.

அத்தான் பின்பலகையைத் தூக்கி மூடினார்.

"அத்தான், பலகையைத் திறந்து விடுங்கோ" என்றாள் தங்கச்சி.

"நாய் ஏறும்."

"நாய் ஏறினா நான் பாக்கிறன். மூடினாலும் பரவாயில்லை. ஆணியைப் போடாதேங்கோ."

"ஆணி போடாட்டி நீ இறங்கப் பாப்பாய். விழுந்து முறிச்சுக்கொண்டு கிடப்பாய். பேந்து ஆர் பாக்கிறது?"

"விழுந்தா என்ரை எலும்பு."

"வாயை மூடிக்கொண்டிரு."

ஆணியைப் போட்டார். இரும்பு ஆணி. பலகையின் வளையத்துக்குள் வெளியிலிருந்து போடுவது, வெளியிலிருந்துதான் எடுக்கலாம். போட்டுவிட்டுக் கல்லால் இரண்டு தட்டும் தட்டினார். அக்கா, "என்னப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் வெளிக்கிடும் மட்டும் அத்தான் அங்கேயே நின்றார். நான் தங்கச்சிக்குக் கண்ணால் காட்டினேன். தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து நான் திறந்து விடுகிறேன் என்று. அவளுக்கு விளங்கியது.

முதல் கிணறு உவர். வாயில் வைக்க ஏலவில்லை. வயலுக்கு அங்கால் இன்னொரு கிணறு என்று ஒரு மனிசி காட்டினாள். அங்கே போய் அள்ளிக்கொண்டு திரும்பும்போது என் சீலைத் தலைப்பு பறக்காமல் தோளில் கிடந்ததைக் கவனித்தேன். காதுக்குள் இரைச்சல் இல்லை. காற்று நின்றிருந்தது. நல்லதாய்ப் போச்சு, இனி இறக்கி விடலாம் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

மேட்டில் ஏறிப் பார்த்தால் வெறும் நிலத்தைக் காணவில்லை. எங்கும் தண்ணீர். அலை இல்லை, சத்தமில்லை. சட்டியில் ஊற்றிய மாதிரி வந்து நிரம்பிக்கொண்டிருந்தது. நடுவில் பெட்டி. சில்லு பாதி தண்ணீருக்குள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் முன்பக்கம் தலை குத்தியது. நிலம் இளகி, பனங்குற்றி சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது. பெட்டி மூக்கைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கியது. உள்ளே பானை சட்டி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. அரிசி மூட்டை, றங்குப்பெட்டி, எல்லாம் முன்பக்கம் சரிந்திருக்கும். அவளும் சரிந்திருப்பாள்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீருக்குள் ஓட ஏலாது. சேறு காலைப் பிடித்தது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் போனது. கத்தினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. அங்கே தண்ணீர் என் தொடையளவு. பெட்டியின் முன்மூலையில் பலகை இடுக்குகளால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்பலகையும் ஆணியும் என் தலைக்கு மேலே உயர்ந்து நின்றன. எனக்கு எட்டாது.

அப்போது தறப்பாளில், முன்மூலையில், ஒரு கூர் வெளியே வந்தது. கத்தரிக்கோல். தைக்கிறவள், அதைத் துணிப்பையில் வைத்திருந்திருக்கிறாள். கூர் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. தறப்பாள் தடித்த துணி. ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வெட்டியிருக்கிறாள். பிறகு கை வந்தது. தலை வந்தது. விளிம்பில் வயிற்றைப் போட்டு, ஒரு தரம் மூச்செடுத்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுந்தாள்.

காணவில்லை.  பிறகு தலை மேலே வந்தது. மயிரெல்லாம் முகத்தில். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன்.

"தூக்காதை!"

"விசரி, தாண்டு போவாய்!"

"தூக்காதை எண்டு சொல்லுறன். தள்ளி வா. நான் வாறன்."

கை இரண்டையும் நிலத்தில் ஊன்றினாள். தலை தண்ணீருக்கு மேலே நின்றது. வீட்டில் அரக்கும்போது அவளுடைய கால்கள் பின்னால் இழுபட்டு வரும், தோல் உரியும். இப்போது அவை பின்னால் மிதந்தன. கையால் எட்டி எட்டிப் போனாள். சேறு என்னைப் பிடித்த மாதிரி அவளைப் பிடிக்கவில்லை. நான் விழுந்தெழும்பி நடந்தேன், அவள் எனக்கு முன்னால் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். முழங்கை கல்லில் வெட்டி இரத்தம் வந்தது. இருமினாள். உப்புத் தண்ணீராகச் சத்தி எடுத்தாள். எடுத்து முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கால் இழுக்கேல்லையடி, அக்கா."

அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் போலத்தான் இருந்தது.

உழவு இயந்திரம் வந்தது பிறகுதான். பொழுது சாய்கிற நேரம். அத்தான் கையில் ஓலைப்பையில் மீன். அவர் காலில் ஒரு துளி தண்ணீர் படவில்லை. அக்கா தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். ஐயா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி எங்காலை வந்தது? ஆர் விட்டது?" என்று கேட்டார். யாரோ வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி. சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "காத்து விட்டா வரும்தானே, அப்பு. ஏரிக்குள்ளை போய் ஆர் வீடு கட்டச் சொன்னது?" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அத்தான் பெட்டியைப் பார்த்தார். தறப்பாளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் இது.

"ஐயோ, தறப்பாள்! ஆரடி உதை வெட்டினது? இரவல் தறப்பாள்!"

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். பல் கிடுகிடு என்று அடித்தது.

"நான்தான் வெட்டினனான். ஆணி உங்கடை, அத்தான். கத்தரிக்கோல் என்ரை."

 அத்தான் மீன்பையை நிலத்தில் வைத்தார். பிறகு அக்காவிடம், தங்கச்சிக்குக் கேட்கத்தக்கதாக, "உதைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டா உப்பிடித்தான் வரும் எண்டு எனக்கு முதலே தெரியும்" என்றார். மனிசப் பிறவியை உது என்றார். நான் அதை மறக்கவில்லை. அவள் நனைந்த உடுப்போடு, உழவு இயந்திரத்தின் சில்லுக்கு மேல் மட்காட்டில், என் மடியில் இருந்துதான் வீட்டுக்கு வந்தாள். பெட்டியை மறுநாள் கடற்கரை ஆட்களைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். கூடாரம் சேற்றுக்குள் போனது போனதுதான்.

ஊருக்கு வந்ததும் அத்தானின் கதை மாறத் தொடங்கியது. முதலில் "எல்லாருமாய்ச் சேர்ந்து தூக்கினம்" என்றார். அடுத்த லீவில் "நான் பாய்ஞ்சன்" என்றார். அதற்கடுத்ததில் பெட்டி கேட்டு அழுதவள் தங்கச்சி ஆகிவிட்டாள். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பந்தலுக்குள் இருந்து சொன்னார், சனம் உச்சுக் கொட்டியது. தங்கச்சி மறுத்துச் சொன்னால், "பாவம், பயத்திலை அவளுக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றார். நான் சொன்னால், "அவள் வாய்க்காரி" என்றார்கள். ஐயாவிடம் சொல்லச் சொன்னேன். ஐயா வெற்றிலையை மென்றுகொண்டு முற்றத்தைப் பார்த்தார். இப்போது அவர் இல்லை. சாட்சிக்குக் கூப்பிட ஏலாது. அக்காவை இதற்குள் நான் இழுக்கவில்லை. அவள் அந்த வீட்டில் சோறு தின்ன வேண்டும்.

அதற்குப் பிறகு தங்கச்சியை ஒருவரும் ஓரிடமும் கூட்டிப்போகவில்லை. கேட்டால் பெட்டிக் கதையைச் சொல்வார்கள். அந்த ஏரிக்குப் போவோம் என்று நான் கார் பிடிக்கப் போனபோது, கார்க்காரர் கூட அந்தக் கதையைச் சொல்லி மறுத்தார். தண்ணீர் எந்த நேரம் வரும், எந்தக் காற்றுக்கு வரும் என்று இப்போது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் என்ன? கதைதான் முன்னால் போய்க் கதவை அடைக்கிறது.

இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் இந்த ஆவணியில் வாசிகசாலை மாதர் பகுதி கடற்கரைக்கு இரண்டு நாள் போகிறது. கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். தங்கச்சி முதலாவதாகப் பெயர் கொடுத்தாள். மாதர் பகுதித் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்து, நல்ல மாதிரியாகத்தான், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கோவிக்காதை, பிள்ளை. உன்ரை அத்தானே மலரிலை எழுதியிருக்கிறார், உங்களைப் போலை ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதெண்டு. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?"

தங்கச்சி கைமிசினில் நூலைக் கோத்தாள். அவள் மறுபடியும் ஒரு கூடாரம் தைத்து வைத்திருக்கிறாள். இந்த முறையும் அகலமான வாசல்.

ஆகவே அத்தான், இது உங்களுக்கு. நீங்கள் இப்போது உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி ஊரோடு வந்துவிட்டீர்கள், வாசிகசாலையின் ஆலோசகர், மேடையில் கதிரை உங்களுக்கு. பயணத்துக்கு முன்னால் பொதுக்கூட்டம் இருக்கிறது. அதில் எழுந்து நின்று, ஒலிபெருக்கியில், எல்லோர் முன்னாலும் மறுமொழி சொல்லுங்கள். பெட்டி வேண்டும் என்றது யார்? திறந்து விடுங்கோ என்று அவள் கேட்க ஆணியைப் போட்டது யார்? தண்ணீருக்குள் உங்கள் கால் பட்டதா? வீட்டுக்கு வந்து காதுக்குள் சொல்ல வேண்டாம். அக்காவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எழுதியது ஊருக்கு, சொல்வதும் ஊருக்குச் சொல்லுங்கள்.

தங்கச்சி அன்று வருவாள். வாசிகசாலைப் படிகளில் அவளை ஒருவரும் தூக்க வேண்டாம், அவள் அரக்கி ஏறுவாள், நேரமானாலும் பொறுத்திருங்கள். முன்வரிசையில் நிலத்தில் இருப்பாள். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அத்தான். ஆணியைப் போட்டது யார்?